மேடையில் வந்த அண்ணன்

என் தங்கை நாடகம் பார்க்கக் கூப்பிட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அது மே மாதம். நாமக்கல்லில் எனக்கு லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு கேபின், பக்கத் தகடு, பின்கதவு எல்லாம் கட்டி, பெயின்ட் அடித்து, நெற்றியில் சாமி பெயர் எழுதி அனுப்புவது எங்கள் வேலை. அன்று வெல்டிங் சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தேன்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஏங் கண்ணு?"

"சேலத்துல கோடைக் கலைவிழா நடக்குதுங்க. பாட்டு, நாடகம், படக் கண்காட்சி எல்லாம் வெச்சிருக்கறாங்க. இவரும் அதுல வேலை செய்யறாரு. நாடகத்துக்கு ரெண்டு பாஸ் இருக்குது. நீங்களும் அண்ணியும் வாங்க."

வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை ஓடியது. தங்கை என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள், மகளின் சீருக்குக் கூப்பிட்டிருக்கிறாள், உடம்பு சரியில்லாதபோது கூப்பிட்டிருக்கிறாள். சும்மா ஒன்றைப் பார்த்துவிட்டுப் போக வரச்சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பாஸ் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து நாடகம் பார்த்த ஆளே கிடையாது.

அவள் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருக்கிறார். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் வீடு. நிறையப் படிக்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசாமல் படிக்கிற ஆட்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. மனதில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

இதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடமே, தோட்டத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதிக் கொடுத்தாள் என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். எழுதிக்கொண்டு போனது நான். சூரமங்கலத்துக்குக் காரில் போய் அவளைக் கூட்டிவந்தேன். மாப்பிள்ளையும் கூட வந்தார். ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குள் வரவில்லை, வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்கீங்கண்ணா போடோணும்?" விரலால் காட்டினேன். கையெழுத்துப் போட்டு, கட்டைவிரல் ரேகையும் வைத்தாள். விரலில் மை அப்பியிருந்தது. என் கர்ச்சீப்பை எடுத்து நானே துடைத்துவிட்டேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்காக எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைக் கொடுத்தேன். ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது, "நீ எப்ப வந்தாலும் உனக்கு இங்க சோறு உண்டு கண்ணு, இது உன்ற ஊடுதான்" என்று சொன்னேன்.

அதன் பிறகும் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பொங்கலுக்கு வருவாள். வந்தால் சாயங்காலமே கிளம்பிவிடுவாள். ராத்திரி தங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் போனோம். எத்தனையோ வருடமாக ஓடாமல் கிடந்த ஒரு நூற்பாலை வளாகத்தில் விழா. நெருஞ்சியைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, ஷெட்டுக்கு ஷெட் விளக்குக் கட்டியிருந்தார்கள். வெயில் தாழ்ந்தும் தகரக் கூரையின் சூடு இறங்கவில்லை. ஒரு மேடையில் பம்பைக்காரர் ஒருவரும் கிடார் வைத்திருந்த பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் கால் தானாகத் தாளம் போட்டதை மனைவி பார்த்துவிட்டாள்.

கண்காட்சி ஷெட்டில் ஒரு லாரியின் பின்கதவைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். வண்ணம் உரிந்து, துரு ஏறி, பாதி அழிந்த ஒரு தாமரை. கீழே ஓவியரின் பெயரும் ஒரு தலைப்பும் எழுதிய அட்டை. நான் கிட்டே போய்க் கீலைத் தடவிப் பார்த்தேன். எந்தப் பட்டறை வேலை, யார் விற்றது, இவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்றெல்லாம் கேட்கத் தோன்றியது.

"அண்ணா, தொடக்கூடாதுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தங்கை நின்றிருந்தாள். கழுத்தில் விழா அட்டை தொங்கியது.

"நீயுமா இதுல இருக்கற?"

"ஆமாங்க. இந்த ரூமைப் பாத்துக்கறேன். ஒரு மாசமா வந்துட்டிருக்கறேன்."

எனக்கு அது தெரியாது. அவள் எங்களை நாடகம் நடக்கும் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். மூன்றாவது வரிசையில் நடுவில் இரண்டு நாற்காலிகளில் துண்டுச்சீட்டு ஒட்டி இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"நீ உக்காரலியா?"

"அந்த ரூமுக்கு வேற ஆள் இல்லீங்க. நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாடகத்தில் ஐந்தாறு பேர்தான் நடித்தார்கள். செட் எதுவும் இல்லை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு. முதலில் ஒரு கல்யாண வீடு, பிறகு ஓர் ஆஸ்பத்திரி. இரண்டுமே சிரிக்கும்படியாக இருந்தன, நானும் சிரித்தேன். மூன்றாவதாக அந்த மேசையே ரிஜிஸ்டர் ஆபீஸ் ஆகிவிட்டது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். சட்டைப்பையில் போன், கக்கத்தில் பை, கையில் புடவைக்கடைக் கவர். அவள் கேட்டாள்: "எங்கீங்கண்ணா போடோணும்?"

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. மேடையில் அவள் கையெழுத்துப் போட்டாள். கட்டைவிரலை வைத்தாள். அந்த ஆள் தன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து, அவள் விரலைப் பிடித்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தான். துடைத்துவிட்டுச் சொன்னான்: "நீ எப்ப வந்தாலும் உனக்கு இங்க சோறு உண்டு. இது உன்ற ஊடுதான?"

ஷெட் முழுக்கச் சிரிப்பு. அதிலும் பெண்களின் சிரிப்பு. எனக்குப் பின்னால் யாரோ ஓர் அம்மா, "எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். அது எனக்குக் கேட்டது. ஆனால் மண்டையில் ஏறவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே தோன்றியது. புடவைக் கவரை அந்தப் பெண் பெஞ்சின்மேல் வைத்தாள். அப்புறம் வந்த காட்சிகளிலெல்லாம் அது அங்கேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் எடுக்காமல் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் தங்கையிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். காரில் மல்லூர் தாண்டியதும் மனைவி பக்கம் திரும்பினேன்.

"நீ ஏதாச்சும் சொன்னியா?" என்று கேட்டேன்.

"என்னத்தீங்க?"

"அந்த நாடகக்காரங்ககிட்ட. எல்லாம் அப்படியே வந்துச்சே."

"கர்ச்சீப்புல தொடச்சது எனக்கெப்படீங்க தெரியும்? அன்னிக்கு நான் வரவே இல்லியே."

அது சரிதான். அவள் அன்று வீட்டில்தான் இருந்தாள். அப்படியானால் மிச்சம் இரண்டே பேர்: தங்கை, அல்லது வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை. அவர் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்திருக்குமா என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். தெரிந்திருக்கும்.

மறுநாள் அவருக்குப் போன் செய்தேன்.

"நேத்து நாடகம் யாரு எழுதுனதுங்க மாப்பிள்ளை?"

"தனியா ஒருத்தர் எழுதலீங்க மச்சான். பல பேரு சொன்னதச் சேத்து எழுதுனது."

"பல பேருன்னா?"

"நெறையப் பொம்பளைங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நல்லா இருந்துதுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன். நல்லா இருந்ததா என்று எதற்குக் கேட்கிறார்? குரலில் சிரிப்பு இருந்ததா? தங்கை எதற்கு நடுவில் இடம் பிடித்தாள், எதற்கு உட்காராமல் போனாள்? ஓரமாக எங்காவது நின்று என் முகத்தைப் பார்த்திருப்பாளோ? ஒருவேளை வக்கீலைப் பார்த்திருக்கிறார்களோ, இது அதற்கு முன்னோட்டமோ என்றுகூட யோசித்தேன். பட்டறையில் ஒரு பின்கதவுக்கு நான் சொன்ன அளவு தப்பாகிவிட்டது. முப்பது வருடத்தில் என் வாயால் தப்பான அளவு வந்ததில்லை. வெல்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் பாவம், அந்தக் கலைவிழா இருக்கும் திசைக்கே போகாதவர்.

நாடகம் இன்னொரு முறை புதன்கிழமை இருந்தது. மனைவியிடம் இரும்புத் தகடு பார்க்கச் சேலம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். இந்த முறை கடைசி வரிசை. முதல் நாள் பதற்றத்தில் எதையாவது விட்டிருப்பேன், ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வருகிறதா, வழக்குப் போட முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். பெயர் எதுவும் வரவில்லை. கர்ச்சீப் வந்தது. அதே இடத்தில் அதே சிரிப்பும் வந்தது.

அன்று நான் மேடையைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி வேட்டி கட்டிய ஒருவர், என் வயது இருக்கும், தனியாக உட்கார்ந்திருந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் காட்சி வந்ததும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன் அணைந்தே கிடந்தது. அந்தக் காட்சி முடிந்ததும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

நாடகம் விட்டதும் இயக்குநரைத் தேடினேன். நாற்பது வயதுப் பெண்மணி. பெஞ்சை ஆளோடு ஆளாகத் தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க மேடம், ஒரு விசயம் கேக்கலாங்களா?"

"கேளுங்க சார்."

"அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் கதைய உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

பெஞ்சைக் கீழே வைத்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்தது போலத் தெரியவில்லை. களைப்பாக இருந்தார்.

"உங்களுக்குத் தங்கச்சியா, அக்காவா?"

நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதே கேள்வியக் கேட்டு வந்தவங்கள்ல நீங்க அஞ்சாவது ஆள் சார். ஒருத்தர் வக்கீலையே கூட்டிட்டு வந்தாரு. விழாவுக்கு முன்னாடி நாலு ஞாயித்துக்கிழமை பொம்பளைங்களை வரச்சொல்லி உக்காந்து பேசுனோம். வீட்டுல வெளிய சொல்லாத ஒண்ணை எழுதுங்கன்னு காகிதம் குடுத்தோம். பேர் போட வேண்டாம்னு சொன்னோம். வந்ததுல பாதிக்கு மேல கையெழுத்துப் போட்ட கதைதான்."

"அந்தக் காகிதத்த நான் பாக்க முடியுங்களா?"

"முடியாதுங்க. அது எழுதுனவங்களோடது."

"கர்ச்சீப்புல தொடைக்கறது எந்தக் காகிதத்துல இருந்துச்சு? அது மட்டும் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "அது எந்தக் காகிதத்துலயும் இல்ல சார். ஒத்திகையில அந்த அண்ணனா நடிக்கறவரு அவராச் செஞ்சது. ஏன் செஞ்சீங்கன்னு கேட்டேன். விரல்ல மை இருந்தா வேற என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாரு. நல்லா இருந்துச்சு, வெச்சுக்கிட்டோம்."

நான் அதை நம்பவில்லை. இன்றுவரை முழுதாக நம்பியதாகவும் சொல்ல முடியாது. நடிகரைப் பார்க்க வேண்டும் என்றேன். கிளம்பிவிட்டார் என்றார். அதுவும் அவருக்குத் தோதான பதிலாகவே எனக்குப் பட்டது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். போனைத் திருப்பிக்கொண்டிருந்த வேட்டிக்காரர் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். நான் நகர்ந்ததும் அவர் இயக்குநரை நோக்கிப் போனார். எங்கள் கண் ஒரு கணம் சந்தித்தது. இரண்டு பேருமே சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

நேராகக் கண்காட்சி ஷெட்டுக்குப் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. தங்கை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வந்தவர்கள் கருத்து எழுதும் நோட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங்கண்ணா. அண்ணி வரலீங்களா?"

"இல்ல." நோட்டை எடுத்துப் புரட்டினேன். அவள் கையெழுத்து எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"பொம்பளைங்கள வெச்சுக் கதை எழுத வெச்சாங்களாமே. நீ போனியா?"

"போனேங்கண்ணா."

"நம்ம விசயத்த எழுதுனியா?"

"இல்லீங்க. காகிதம் குடுத்தாங்க. ரொம்ப நேரம் வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்புறமேலு வெத்துக் காகிதமாவே குடுத்துட்டேன்."

"அப்ப உன்ற வீட்டுக்காரரு சொல்லியிருப்பாரு."

"அவரு அப்படிச் சொல்றவரு இல்லீங்க. சொல்றதா இருந்தா அன்னிக்கே உங்ககிட்டச் சொல்லியிருப்பாரு. உள்ள வரமாட்டேன்னு நின்னாரே, அதுதான் அவரு சொன்னது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைக் காட்டும்படி அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

"அப்புறம் எதுக்கு என்னக் கூப்பிட்ட? நடுவுல எடம் புடிச்சு உக்கார வெச்ச?"

அவள் மேசைமேல் இருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"ஒத்திகை பாத்தேங்க. பாத்ததுமே நீங்க பாக்கோணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். அதுல உங்க சந்தேகம் சரிதான்."

"பாத்தா?"

"பாத்தாப் போதும்னு நெனச்சேன். அவ்வளவுதாங்க."

பக்கத்து மேடையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த ஒரு பெண் நோட்டில் எழுத வேண்டும் என்று நின்றாள். தங்கை பேனாவைத் திறந்து கொடுத்தாள். அந்தப் பெண் எழுதி முடித்துப் போனதும் நான் கேட்டேன்:

"இப்ப உனக்கு என்ன வேணும்னு சொல்லு. தோட்டத்துல பங்கு வேணுமா?"

"அண்ணா, இப்ப என்ன வேணும்னு கேக்கறீங்க, அன்னிக்கு ஏன் கேக்கலைன்னு தெரியலீங்க. பத்திரம் அடிச்சு, புடவை எடுத்து, ஓட்டல்ல என்ன சாப்பிடறதுன்னு வரைக்கும் முடிவு பண்ணிட்டு வந்தீங்க. எங்கிட்டக் கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வேணும்னும் சொல்லியிருப்பேன். எனக்கே தெரியாது. கேக்கவே இல்லியே."

நான் எழுந்துவிட்டேன். வருகிறேன் என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. வழி நெடுக அவள் சொன்னதையெல்லாம் சோதித்துப் பார்த்தேன். வெற்றுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள் என்பதற்கு என்ன சாட்சி? ஒன்றும் இல்லை. பாதி நிஜத்தை ஒத்துக்கொண்டு மீதியை மறைக்கிறாளோ என்றும் நினைத்தேன். வீடு வந்து சேரும்போது மணி ஒன்பது இருக்கும். மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள். இரும்புத் தகடு எங்கே என்று கேட்கவில்லை.

"நாடகந்தான் பாத்தீங்களா?"

"ஆமா."

"யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரியல. பாதிப் பேரு வீட்டுக் கதை இதானாம். அந்தம்மா சமாளிக்குது."

என் மனைவி எதிரில் உட்கார்ந்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தேழு வருடம். எனக்கு எதிரில் அப்படி அவள் உட்கார்ந்து பார்த்தது குறைவு.

"எங்கிட்டயுந்தானுங்க கையெழுத்து வாங்குனாங்க. எங்கண்ணன் பட்டுப்புடவை குடுத்து வாங்குனாரு. உங்களுக்கு மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது.

"அன்னிக்குக் கார் ஓட்டிட்டு வந்ததே நீங்கதான். எங்கண்ணன் முன்னால உக்காந்தாரு. நான் பின்னால. ரெண்டு பேரும் டீசல் வெலையப் பத்திப் பேசிட்டே வந்தீங்க. ஓட்டல்ல நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது தடவை பிரியாணி சொன்னீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கண்ணன் விரலத் தொடைக்கலீங்க. நானே சேலையில தொடச்சுக்கிட்டேன். கறை போகவே இல்ல. நீங்க சாப்பிடுங்க."

நாடகம் பார்த்தபோது அவள் அந்தப் புடவைக் கவரையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. யார் சொன்னது, யார் காட்டிக்கொடுத்தது என்று நான் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பாடு போட்டவளிடம் உனக்கும் இப்படித்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த வெட்கம் உடனே என்னை நல்லவனாக ஆக்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆடி கழியும்வரை நான் ஒன்றும் செய்யவில்லை. தங்கைக்கு ஏதாவது எழுதிக்கொடுக்கலாமா என்று மனைவியிடம் பேச்செடுத்தேன். "எங்கிட்ட ஏன் கேக்கறீங்க, அவகிட்டக் கேளுங்க" என்றாள். தங்கைக்குப் போன் செய்தேன். இந்த முறை கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பட்டறைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு கேட்டேன்.

"மேட்டாங்காட்டுல ரெண்டு ஏக்கரா உன்ற பேருக்கு எழுதிடலாம்னு இருக்கறேன். உனக்குச் சம்மதமா?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எதுக்குங்கண்ணா திடீர்னு?" என்றாள்.

அவள் குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமானது. அவளிடம் கேள்வி கேட்கும்போது என் குரலில் இருந்த அதே சந்தேகம். வரி ஏதாவது வருகிறதா, பட்டறைக் கடனுக்கு அந்த நிலத்தில் ஏதும் வில்லங்கம் இருக்கிறதா, நாடகம் பார்த்ததற்காகச் செய்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் இருக்கலாம் என்றேன். பத்திர நகலை முதலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அனுப்பினேன். இரண்டு வாரம் பதிலே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கிறவனைப் போய் இப்படிக் காக்க வைக்கிறாளே என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "படிக்கட்டுங்க" என்றாள்.

ஆவணியில் ஒரு காலை பத்திரம் எழுதுகிறவரின் கடையில் சந்தித்தோம். மாப்பிள்ளையும் வந்திருந்தார். அன்று அவர் வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார். தங்கை கையில் நான் அனுப்பிய நகல் இருந்தது. ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தாள்.

"கெணத்துப் பாத்தியம் இதுல இல்லீங்களே" என்றாள்.

கிணற்றுத் தண்ணீரில் பங்கு இல்லாமல் அந்த மேட்டு நிலம் வெறும் கல்லுக்காடு. பத்திரம் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் சொன்னதத்தாங்க நான் அடிச்சேன்" என்றார். நான் மறந்துவிட்டேன் என்றேன். மறந்தேனா என்று இப்போது கேட்டாலும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. எல்லை, சர்வே எண், வண்டிப்பாதை எல்லாவற்றையும் ஞாபகமாகச் சொன்னவன் நான்தான்.

"அது இல்லாம எனக்கு வேண்டாங்கண்ணா" என்றாள். குரல் உயரவில்லை.

"போட்டுருங்க" என்றேன் பத்திரக்காரரிடம். "மூணுல ஒரு பங்கு."

"பாதி" என்றாள் என் மனைவி.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இருமினார். நான் சரி என்று தலையாட்டினேன்.

திரும்ப அடிக்க அரைமணி நேரம் ஆகும் என்றார் பத்திரக்காரர். நாலு பேரும் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். மழை இல்லாததைப் பற்றி மாப்பிள்ளை ஏதோ சொன்னார். தங்கையும் என் மனைவியும் குடியிருப்பில் புதிதாக வந்திருக்கும் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக அடித்த தாள்களை வாங்கிய தங்கை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.